தேதிக்கு முன் எந்தச் சொல்? ஆங்கிலக் கடிதங்களில் நாள் பிசகும் இடங்களும் அவற்றைத் திருத்தும் முறையும்

காவிரிப் படுகையிலிருந்து ஆங்கிலத்தில் எழுதப்படும் கடிதம் எதுவாயினும் அதில் ஒரு தேதியாவது இருக்கும். பயிர்க் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுகிறவர் வயலில் தண்ணீர் நின்ற நாளைச் சொல்ல வேண்டும். கூத்தாநல்லூரிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர் ஊருக்கு வர விடுப்புக் கேட்கும்போது புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் படித்துவிட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர் தேர்வு முடிவு வெளியாகும் நாளைச் சொல்ல வேண்டும். இக்கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும்போது கவனித்தால், தேதியைத் தவறாக எழுதுகிறவர்கள் மிகச் சிலரே. தேதிக்கு முன்னால் நிற்கும் 'ஆன்', 'இன்', 'ஃபார்', 'டு', 'பை' போன்ற முன்னிடைச்சொற்கள்தாம் பெரும்பாலும் பிசகுகின்றன. அவை பிசகும்போது இலக்கணம் கெடுவதோடு நிற்காமல், படிப்பவர் மனத்தில் நாளே மாறிவிடுகிறது.

பள்ளியில் கற்ற விதி நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்: மணிக்கு 'அட்', நாளுக்கும் கிழமைக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. இந்த விதி தவறன்று. ஆனால் இது பெயர்ச்சொல்லை மட்டும் பார்க்கிறது. கூட்டம் நடந்தது, கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள், கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள் என்னும் மூன்று வாக்கியங்களிலும் ஜூன் 12 என்ற ஒரே தேதி வந்தாலும், வினை மாறுவதால் அதற்கு முன் வரும் சொல்லும் மாறும். எந்த வினைக்கு எந்தச் சொல் என்று நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எழுத நினைத்ததை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, தேதியின் வாலில் என்ன உருபு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதே எளிது என்பது என் கருத்து. சில இடங்களில் அந்த உருபு சரியான ஆங்கிலச் சொல்லை நேராகக் காட்டும். சில இடங்களில் ஏமாற்றும். எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதைக் கீழே அறிகுறிவாரியாகப் பார்க்கலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

அறிகுறி: கடிதத்தைப் படித்தவர் 'அப்படியானால் கூட்டம் என்றைக்கு?' என்று திரும்பக் கேட்கிறார்

பெரும்பாலும் இங்கே வினை 'ஷெட்யூல்', 'ஃபிக்ஸ்', 'புக்', 'பிளான்', 'அரேஞ்ச்' ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். இவை எல்லாம் இன்று செய்யும் செயலால் வேறொரு நாளைக் குறிவைக்கும் வினைகள். ஆகவே இவற்றில் எப்போதும் இரண்டு நாள்கள் மறைந்திருக்கின்றன: ஏற்பாடு செய்த நாள் ஒன்று, ஏற்பாடு எதற்காகவோ அந்த நாள் இன்னொன்று. கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 'வீ புக்டு தி ஹால் ஆன் மே 21' என்று எழுதினால், மே 21 அன்று மண்டபத்துக்குப் போய் முன்பணம் கட்டினோம் என்பதே நேர்ப்பொருள். 'வீ புக்டு தி ஹால் ஃபார் மே 21' என்றால் கல்யாணம் மே 21. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் இந்த ஒரு சொல்லை நம்பித்தான் விமானச் சீட்டு எடுக்கப்போகிறார்.

இதற்கான சோதனை தமிழிலேயே இருக்கிறது. 'மே 21 மண்டபம் பேசினோம்', 'மே 21க்கு மண்டபம் பேசினோம்' என்ற இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. தேதியில் 'க்கு' ஒட்டினால் ஆங்கிலத்தில் 'ஃபார்'. ஒட்டாமல் தேதி தனியாக நின்றாலோ 'அன்று' சேர்ந்து வந்தாலோ 'ஆன்'. இரண்டு நாள்களையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் வேறுபாடு நன்றாகப் பிடிபடும்: 'ஆன் மார்ச் 3 வீ புக்டு தி ஹால் ஃபார் மே 21.' இப்படி இரண்டாவது தேதி ஒன்றை மனத்துக்குள் சேர்த்துப் பார்த்து, அது பொருந்தினால் வினை குறிவைக்கும் வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்யலாம்.

'தி மீட்டிங் இஸ் ஷெட்யூல்டு ஆன் ஜூன் 12' என்பது நம் நாட்டு நாளிதழ்களிலும் சுற்றறிக்கைகளிலும் நாள்தோறும் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, கூட்டம் இனிமேல்தான் நடக்கவிருக்கிறது என்று தெரிந்த இடத்தில் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதும் இல்லை. ஆனால் 'வாஸ் ஷெட்யூல்டு ஆன்' என்று இறந்தகாலத்துக்குப் போனவுடன் ஐயம் வந்துவிடும். 'ஷெட்யூல்டு டு பி ஹெல்டு ஆன் ஜூன் 12' என்று எழுதினால் மட்டும் 'ஆன்' முழுக்கச் சரி, ஏனென்றால் அங்கே தேதி 'ஷெட்யூல்' என்னும் வினையை விட்டுவிட்டு 'நடப்பது' என்னும் வினையைப் பிடித்துக்கொள்கிறது. சுருக்கமாக எழுத 'ஃபார்', விரித்து எழுத 'டு பி ஹெல்டு ஆன்' என்று வைத்துக்கொண்டால் போதும்.

அறிகுறி: தள்ளிவைத்ததா, முன்னால் கொண்டுவந்ததா, எத்தனை நாள் என்று கணக்குத் தவறுகிறது

நாளை நகர்த்தும் வினைகளில் மூன்று செய்திகள் உண்டு: எங்கிருந்து, எதற்கு, எவ்வளவு. ஆங்கிலம் இவற்றை முறையே 'ஃப்ரம்', 'டு', 'பை' என்று பிரித்து வைத்திருக்கிறது. மேட்டூர் அணைத் திறப்பைவிட இதற்கு நல்ல எடுத்துக்காட்டு படுகையில் கிடைக்காது. குறுவைக்காக அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது; 2024இல் நீர்வரத்துப் போதாமல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதலாவதை எழுதும்போது 'இன் 2022 தி ஓப்பனிங் வாஸ் ப்ராட் ஃபார்வர்டு ஃப்ரம் ஜூன் 12 டு மே 24' என்றும், அளவைச் சொல்ல 'ப்ராட் ஃபார்வர்டு பை 19 டேஸ்' என்றும் எழுதலாம். இரண்டாவதற்கு 'இன் 2024 தி ஓப்பனிங் வாஸ் டிலேய்டு அன்டில் ஜூலை 28' அல்லது 'டிலேய்டு பை 46 டேஸ்'.

இங்கும் தமிழ் உருபு பாதி வேலையைச் செய்துவிடுகிறது. 'ஜூன் 20க்குத் தள்ளிவைத்தார்கள்' என்பதில் உள்ள 'க்கு' ஆங்கிலத்தில் 'டு' ஆகும். 'போஸ்ட்போன்டு டு ஜூன் 20'. 'அன்டில் ஜூன் 20' என்றாலும் சரியே. 'போஸ்ட்போன்டு ஆன் ஜூன் 20' என்று எழுதிவிட்டால், ஜூன் 20 அன்று உட்கார்ந்து தள்ளிவைக்க முடிவு செய்தார்கள் என்றாகும். புதிய நாள் எது என்பது கடிதத்திலேயே இல்லாமல் போய்விடும். அளவைச் சொல்லும்போதுதான் தமிழ் கைவிடுகிறது. 'எட்டு நாள் தள்ளிவைத்தார்கள்' என்று உருபே இல்லாமல் சொல்லிவிடுவதால், ஆங்கிலத்திலும் சொல் எதையும் சேர்க்காமலோ 'இன்' சேர்த்தோ எழுதிவிடுகிறோம். 'பை 8 டேஸ்' என்பதே தேவை.

'எக்ஸ்டெண்ட்' என்னும் வினையில் 'பை' இன்னும் ஆபத்தானது. கெடு நவம்பர் 15இலிருந்து நவம்பர் 30க்கு நீட்டிக்கப்பட்டால் 'எக்ஸ்டெண்டெட் டு நவம்பர் 30' அல்லது 'எக்ஸ்டெண்டெட் பை 15 டேஸ்'. இரண்டையும் கலந்து 'எக்ஸ்டெண்டெட் பை நவம்பர் 30' என்று எழுதினால், நவம்பர் 30க்குள் நீட்டிப்பு ஆணை வரும் என்று பொருள் திரும்பிவிடுகிறது. 'பை' க்குப் பின்னால் அளவு வந்தால் அது நகர்வின் தூரம். தேதி வந்தால் அது கெடு. ஒரே சொல் இரு வேலை பார்ப்பதால் பின்னால் வருவது எது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நீதிமன்ற வழக்கில் 'அட்ஜர்ன்' என்பதற்கு நாளைச் சொன்னால் 'டு' அல்லது 'டில்', காலத்தைச் சொன்னால் 'ஃபார்': 'அட்ஜர்ன்டு டு ஜூலை 8', 'அட்ஜர்ன்டு ஃபார் 2 வீக்ஸ்'. 'ப்ரிபோன்' என்ற சொல்லை இந்தியர்களுக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றாலும், வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதும்போது 'ப்ரிங் ஃபார்வர்டு' என்று எழுதுவது நலம். 'மூவ் ஃபார்வர்டு' மட்டும் வேண்டாம். அதை முன்னால் கொண்டுவந்ததாகப் படிப்பவரும் உண்டு, பின்னால் தள்ளியதாகப் படிப்பவரும் உண்டு.

அறிகுறி: 'க்குள்' என்று நினைத்து எழுதிய வாக்கியம் படிப்பவருக்கு உறுத்துகிறது

'க்கு' நம்பகமான உருபு என்றால், 'க்குள்' நம்பத் தகாதது. தமிழில் 'நவம்பர் 15க்குள்' என்பதும் '15 நாளுக்குள்' என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தில் தேதிக்கு 'பை', காலநீளத்துக்கு 'வித்தின்'. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ப் பேரிடரால் நேர்ந்த இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இதை 'வித்தின் 72 ஹவர்ஸ்' என்று படித்துப் படித்துக் காதுக்குப் பழகிவிட்டதால்தானோ என்னவோ, 'வித்தின் நவம்பர் 15' என்று எழுதும் கை தானாக ஓடுகிறது. திருத்தம் 'பை நவம்பர் 15'. அந்த நாளும் சேர்ந்ததா என்ற ஐயத்துக்கே இடம் வைக்காமல் எழுத விரும்பினால் 'ஆன் ஆர் பிஃபோர் நவம்பர் 15'. வெறும் 'பிஃபோர் நவம்பர் 15' என்று எழுதினால் 14ஆம் தேதியோடு கெடு முடிந்துவிடும்.

'வித்தின்' எழுதும்போது எதிலிருந்து எண்ணுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 'வித்தின் 15 டேஸ் ஆஃப் ரிசீவிங் திஸ் லெட்டர்.' இதைச் சொல்லாமல் விட்டால், கடிதம் எழுதிய நாளிலிருந்தா, கிடைத்த நாளிலிருந்தா என்று பின்னால் வாதிட வேண்டிவரும்.

'இன் 10 டேஸ்' என்பதும் இதே குழியில் விழுகிறது. 'பத்து நாளில் வருகிறேன்' என்று நாம் சொன்னால் எட்டாம் நாளே வந்து நிற்கலாம். ஆங்கிலத்தில் 'ஐ வில் கம் இன் 10 டேஸ்' என்றால் பத்து நாள் கழியும்போது வருவேன் என்பதே இயல்பான பொருள். முன்கூட்டியும் வரலாம் என்றால் 'வித்தின் 10 டேஸ்'. இன்றிலிருந்து எண்ணும்போது 'ஆஃப்டர் 10 டேஸ்' என்று எழுதுவது தமிழின் 'கழித்து' என்பதன் நிழல். அதை இறந்தகாலக் கதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: 'முதல்' வரும் இடமெல்லாம் 'ஃப்ரம்' ஆகிவிடுகிறது

'வகுப்புகள் ஜூன் 12 முதல் தொடங்குகின்றன' என்று தமிழில் எழுதுவது பழகிய வழக்கு. அதே சூட்டில் 'கிளாசஸ் ஸ்டார்ட் ஃப்ரம் ஜூன் 12' என்று எழுதிவிடுகிறோம். தொடங்குவது ஒரு நொடியில் முடிந்துவிடும் செயல். அதற்கு நீளம் இல்லை. நீளம் இல்லாத வினைக்கு 'ஃப்ரம்' ஒட்டாது. எனவே 'ஸ்டார்ட் ஆன் ஜூன் 12'. 'பிகின்', 'கமென்ஸ்', 'ஓப்பன்', 'ஜாயின்' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நீளம் உள்ள வினையில், அதாவது 'ரன்', 'லாஸ்ட்', 'ஃப்ளோ', 'வொர்க்' போன்றவற்றில், 'ஃப்ரம்' சரியாக அமரும். பெரும்பாலும் அதற்கு ஒரு 'டு' துணையும் வேண்டும். மேட்டூர் அணையின் வழக்கமான பாசனக் காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. இதை 'தி இரிகேஷன் சீசன் ரன்ஸ் ஃப்ரம் ஜூன் 12 டு ஜனவரி 28' என்றும், 'இட் ஸ்டார்ட்ஸ் ஆன் ஜூன் 12 அண்ட் எண்ட்ஸ் ஆன் ஜனவரி 28' என்றும் எழுதலாம். இரண்டையும் கலக்கக் கூடாது.

அரசாணைகளில் வரும் 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' என்பதைப் பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம். ஆணை அந்த நாளிலிருந்து தொடர்ந்து செல்லும் என்பதால் அங்கே 'ஃப்ரம்' பொருத்தமானது. 'டேக்ஸ் எஃபெக்ட்' என்று வினையாக எழுதினால் மறுபடியும் 'ஆன்'.

'முதல்' இன்னொரு வகையிலும் ஏமாற்றும். அன்று தொடங்கி இன்றும் தொடரும் நிலையைச் சொல்ல ஆங்கிலம் 'சின்ஸ்' கேட்கிறது. 'சின்ஸ்' வந்தால் வினையின் வடிவமும் மாறியே ஆக வேண்டும். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2015' என்ற வாக்கியத்தில் முன்னிடைச்சொல்லை மட்டும் மாற்றினால் அரைத் திருத்தம்தான். 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்பதே முழுத் திருத்தம். மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமானது: 'மயிலாடுதுறை பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2020'. அது இன்றும் மாவட்டமாக இருக்கிறது: 'இட் ஹாஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2020'. ஒரே ஆண்டுக்கு ஒரு வாக்கியத்தில் 'இன்', மற்றதில் 'சின்ஸ்'. ஆண்டுகளின் எண்ணிக்கை வந்தால் 'ஃபார்': 'பத்து ஆண்டுகளாக' என்பதில் வரும் 'ஆக' என்ற ஒட்டு இதற்குத் தவறாத அடையாளம். 'சின்ஸ் 10 இயர்ஸ்' என்பதை எந்தக் கடிதத்தில் கண்டாலும் தயங்காமல் அடித்துவிடலாம்.

இதுவரை சொன்னவை ஒரே கடிதத்தில் எப்படிக் கூடி வரும் என்பதற்கு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதக்கூடிய நான்கு வரிகளை அமைத்துப் பார்ப்போம்.

'வீ ஸ்டார்ட்டட் ட்ரான்ஸ்பிளான்ட்டிங் ஃப்ரம் அக்டோபர் 10. தி ஃபீல்டு இஸ் அண்டர் வாட்டர் ஃப்ரம் நவம்பர் 25. தி இன்ஸ்பெக்ஷன் வாஸ் ஃபிக்ஸ்டு ஆன் டிசம்பர் 2 அண்ட் போஸ்ட்போன்டு ஆன் டிசம்பர் 9. ப்ளீஸ் கம்ப்ளீட் இட் வித்தின் டிசம்பர் 12.'

படுகையைத் தெரிந்த அலுவலர் இதை எப்படியும் புரிந்துகொள்வார். ஆனால் கோப்பு வேறு மாநிலத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போனால், மூன்றாவது வாக்கியம் கேடு செய்யும். டிசம்பர் 2 அன்று ஆய்வுக்கு நாள் குறித்தார்கள், டிசம்பர் 9 அன்று அதைத் தள்ளிவைத்தார்கள் என்றே அது படிக்கப்படும். ஆய்வு நடக்கவேண்டிய நாள் இரண்டு முறையும் சொல்லப்படவில்லை என்று கடிதம் திரும்பி வரலாம். தமிழில் '2ஆம் தேதிக்குக் குறித்து, 9ஆம் தேதிக்குத் தள்ளினார்கள்' என்று சொல்லிப் பார்த்தால் இரண்டு 'க்கு' தெரிகின்றன. முதலாவது 'ஃபார்', இரண்டாவது 'டு'. நடவு தொடங்கியது நீளமற்ற வினை, ஆகவே 'ஆன்'. தண்ணீர் இன்னும் வடியவில்லை, ஆகவே 'சின்ஸ்', அதோடு வினையும் மாறும். கடைசியில் இருப்பது தேதி, ஆகவே 'பை'.

'வீ ஸ்டார்ட்டட் ட்ரான்ஸ்பிளான்ட்டிங் ஆன் அக்டோபர் 10. தி ஃபீல்டு ஹாஸ் பீன் அண்டர் வாட்டர் சின்ஸ் நவம்பர் 25. தி இன்ஸ்பெக்ஷன் வாஸ் ஃபிக்ஸ்டு ஃபார் டிசம்பர் 2 அண்ட் தென் போஸ்ட்போன்டு டு டிசம்பர் 9. ப்ளீஸ் கம்ப்ளீட் இட் பை டிசம்பர் 12.'

அறிகுறி: விடுப்பு ஒரு நாள் கூடுகிறது, அல்லது குறைகிறது

'வரை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'அன்டில்' என்று கற்றிருக்கிறோம். தொடரும் வினைக்கு அது சரி, முடியும் வினைக்குத் தவறு. 'ஐ வில் ஸ்டே இன் நாகூர் அன்டில் ஜனவரி 17' என்னும்போது தங்குதல் அதுவரை நீள்கிறது. 'ஐ வில் சென்ட் தி பேப்பர்ஸ் அன்டில் ஜனவரி 17' என்றால் அதுவரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றாகும். அங்கே வேண்டியது 'பை'. 'நவம்பர் 15 வரை விண்ணப்பிக்கலாம்' என்பதில் மட்டும், வாய்ப்பு அதுவரை திறந்திருக்கிறது என்ற பொருள் இருப்பதால், 'யூ கேன் அப்ளை அன்டில் நவம்பர் 15' என்பது சரியாகவே பொருந்தும்.

பொங்கல் விடுப்பில் வரும் சிக்கல் வேறு. 'ஐ வில் பி ஆன் லீவ் அன்டில் ஜனவரி 17' என்று எழுதினால் 17ஆம் தேதி வேலைக்கு வருவாரா, 18ஆம் தேதியா என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கும் உறுதியாகத் தெரியாது. முன்னிடைச்சொல்லைக் கொண்டு இதைத் தீர்க்க முயல்வதைவிட, திரும்பும் நாளைத் தனி வினையால் சொல்லிவிடுவது நல்லது: 'ஃப்ரம் ஜனவரி 14 டு 17, ஐ வில் ரிஜாயின் ஆன் ஜனவரி 18.' அமெரிக்க நிறுவனங்களில் 'ஃப்ரம் 14 த்ரூ 17' என்று எழுதினால் 17ஆம் தேதியும் உள்ளடங்கும் என்பது ஐயமில்லாமல் விளங்கும். கடவுச்சீட்டு, விசா போன்றவற்றில் 'வேலிட் அன்டில்' தேதிக்கு, 'வேலிட் ஃபார்' ஆண்டுகளுக்கு, 'எக்ஸ்பையர்ஸ் ஆன்' முடியும் நாளுக்கு. இவற்றில் பெரிய சிக்கல் வருவதில்லை.

அறிகுறி: காலை, மாலை, திருவிழா வந்தால் 'இன்' நிலைகுலைகிறது

'இன் தி மார்னிங்' என்பது தேதி சொல்லாதபோது மட்டுமே. தேதி ஒட்டிவிட்டால் காலைக்கும் 'ஆன்' வந்துவிடும்: 'தி சுனாமி ஸ்ட்ரக் நாகப்பட்டினம் ஆன் தி மார்னிங் ஆஃப் டிசம்பர் 26, 2004.' ஆனால் 'எர்லி ஹவர்ஸ்' என்று அதிகாலையைச் சொன்னால் தேதி இருந்தும் 'இன்' மாறாது: 'கஜா மேட் லேண்ட்ஃபால் நியர் வேதாரண்யம் இன் தி எர்லி ஹவர்ஸ் ஆஃப் நவம்பர் 16, 2018.' இரவுக்கு 'அட் நைட்', குறிப்பிட்ட நாளின் இரவுக்கு 'ஆன் தி நைட் ஆஃப்'.

திருவிழாக்களில் நாளா, பருவமா என்று பார்க்க வேண்டும். பொங்கலையொட்டிய நாள்களைப் பொதுவாகச் சொன்னால் 'அட் பொங்கல்'. பொங்கலன்றே என்றால் 'ஆன் பொங்கல் டே'. தமிழ் மாதங்களுக்கும் இதே முறை: 'இன் ஆடி', ஆனால் 'ஆன் ஆடி 18'. 'ஃபால்' என்னும் வினையும் பின்னால் வரும் பெயரைப் பொறுத்தது. 'தி மகாமகம் ஃபெல் ஆன் பிப்ரவரி 22, 2016'. 'இட் ஃபால்ஸ் இன் மாசி'. 'தி நெக்ஸ்ட் ஒன் ஃபால்ஸ் இன் 2028'. ஒன்றோடொன்று சேர்ந்து வந்தால் 'கோஇன்சைட்ஸ் வித்', மோதினால் 'கிளாஷஸ் வித்'. இவற்றில் 'ஆன்' வராது.

அறிகுறி: கோயில், கோட்டை பற்றிய குறிப்பில் ஆண்டு ஒட்ட மறுக்கிறது

சுற்றுலாக் கையேடுகளில் இது அடிக்கடி கண்ணில் படும். 'டேட்' என்பதை வினையாகப் பயன்படுத்தும்போது 'ஃப்ரம்' அல்லது 'பேக் டு' வேண்டும்; 'இன்', 'அட்' இரண்டும் ஒட்டா. தரங்கம்பாடிக் கோட்டை 1620இல் கட்டப்பட்டது: 'வாஸ் பில்ட் இன் 1620', 'டேட்ஸ் ஃப்ரம் 1620', 'டேட்ஸ் பேக் டு 1620' என மூன்றும் சரி. இந்த வினையை நிகழ்காலத்தில் வைப்பதே வழக்கு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 'வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1010' என்பது நிறைவு பெற்ற ஆண்டு. நூற்றாண்டைச் சொல்ல 'டேட்ஸ் ஃப்ரம் தி எர்லி லெவன்த் சென்ச்சுரி'. 'சின்ஸ் 1010' என்று எழுதிவிட்டு வினையை விட்டுவிடும் பலகைகளும் உண்டு. பலகைக்கு அது போகட்டும், கட்டுரைக்கு ஆகாது. கடிதத்தின் தேதியைச் சொல்லும்போது எந்தச் சொல்லும் வேண்டாம்: 'யுவர் லெட்டர் டேட்டட் ஜூன் 5.' 'டேட்டட் ஆன்' என்பதில் 'ஆன்' மிகை.

அறிகுறி: வேண்டாத இடத்தில் ஒரு சொல் துருத்திக்கொண்டு நிற்கிறது

'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' வந்தால் முன்னிடைச்சொல் விழுந்துவிடும்: 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்று எழுதாமல் 'நெக்ஸ்ட் மண்டே' என்றே எழுத வேண்டும். 'டுமாரோ', 'யெஸ்டர்டே' இவற்றுக்கும் அப்படியே. வினைகளில் 'டேக்' இப்படிப்பட்டது. காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2 அன்று அமைக்கப்பட்டு 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பை வழங்கியது. ஏறத்தாழ 17 ஆண்டுகள். 'இட் டுக் நியர்லி 17 இயர்ஸ்' என்பதில் 'ஃபார்' நுழையக் கூடாது. 'லாஸ்ட்' என்னும் வினைக்கு 'ஃபார்' இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாளைப் பற்றிப் பேசும் வினைகளில் 'டிஸ்கஸ் தி டேட்', 'கன்ஃபர்ம் தி டேட்' இரண்டுக்கும் எதுவும் வேண்டாம். 'அக்ரீ ஆன் எ டேட்', 'டிசைட் ஆன் எ டேட்' இரண்டுக்கும் வேண்டும். 'டிஸ்கஸ் அபௌட்' என்பது நம் ஊர்க் கடிதங்களில் வேரோடிப்போன களை.

அறிகுறி: 'நேரத்துக்கு வந்தது' என்பதற்கு எதை எழுதுவது என்று தெரியவில்லை

இங்கே 'க்கு' உதவாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொற்றொடர்தான். குறித்த நேரத்தில் என்றால் 'ஆன் டைம்'. காரியம் கெடுமுன்னர் என்றால் 'இன் டைம்'. உழவன் விரைவு வண்டி அட்டவணைப்படி தஞ்சாவூர் வந்து சேர்ந்தால் 'அரைவ்டு ஆன் டைம்'. கடைமடைக்கு வரும் தண்ணீருக்கு அட்டவணை இல்லை. நாற்று முற்றுமுன் வந்துவிட்டதா என்பதே கேள்வி. ஆகவே 'தி வாட்டர் ரீச்ட் தி டெயில்-எண்ட் ஃபீல்ட்ஸ் இன் டைம் ஃபார் ட்ரான்ஸ்பிளான்ட்டிங்.' 'இன் டைம்' வந்தால் எதற்கு என்பதைச் சொல்லும் ஒரு 'ஃபார்' அல்லது 'டு' அதன் பின்னால் பெரும்பாலும் வரும் என்பதே இரண்டையும் பிரித்தறிய எளிய வழி.

அறிகுறி: முன்னிடைச்சொல் எல்லாம் சரி, ஆனாலும் படித்தவர் வேறு நாளில் வருகிறார்

இது சொல்லின் பிழையன்று, எண்ணின் பிழை. '06/12' என்பதை நாம் டிசம்பர் 6 என்று படிப்போம்; அமெரிக்காவில் இருப்பவர் ஜூன் 12 என்று படிப்பார். 'ஃபார் 06/12' என்று எழுதியவரின் 'ஃபார்' எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. மாதத்தை எழுத்தில் எழுதி, ஆண்டையும் சேர்த்துவிட வேண்டும்: 'ஃபார் ஜூன் 12, 2026'. கிழமையையும் உடன் எழுதுவதாக இருந்தால் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். தேதியும் கிழமையும் முரண்பட்டால் எதை நம்புவது என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும்.